களத்து நாயின் கனவு

பங்குனித் திங்கள். பிசான அறுவடை முடிந்து, அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூர்க் களமொன்றில் தூற்றிய நெல் குவிந்து கிடக்கின்றது. இரவெல்லாம் அதனைக் காத்த நாய், வைக்கோற் படப்பின் நிழலில் கால் நீட்டி உறங்குகின்றது. சிறிது நேரத்தில் அதன் மூச்சு மாறுகின்றது. இமைக்குள் விழி உருள்கின்றது. கால்கள் ஓடுவனபோல் அசைகின்றன. வாய் திறவாமலே மெல்லக் குரைக்கின்றது. "தாத்தா, நாய் கனாக் காண்கிறது!" என்கின்றான் அருகிருந்த சிறுவன். "நாய்க்கு ஏதடா கனவு? ஈ கடித்திருக்கும்" என்கின்றார் முதியவர்.

இவ்விருவருள் சிறுவன் கூற்றே உண்மைக்கு அணித்து எனலாம்.

இவ்வினா புதியதன்று. நாய் உறக்கத்திற் குரைத்தலைக் கொண்டே அது கனவு காணும் எனத் துணிந்தார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு யானை வருகின்றது. புலியொடு பொருது வென்ற களைப்பால் மலைச்சாரலில் உறங்கும் அது, அப்போரினையே கனவிற் காண்கின்றது. திடுக்கிட்டு எழுந்து, புதிதாய்ப் பூத்து நிற்கும் வேங்கை மரத்தைப் புலியென மயங்கி அதன் அழகைக் குலைக்கின்றது. விழித்திருந்தபோது செய்த செயல் நெஞ்சில் தங்கியதே இக்கனவுக்குக் காரணம் என்பது புலவர் கருத்து. வேங்கை என்னும் சொல் புலிக்கும் மரத்துக்கும் பொதுவாதல் தனி நயம். நற்றிணையிலோ, வௌவால் ஒன்று நெல்லிக்கனியின் புளிப்பைக் கனவிற் சுவைக்கின்றது. தாமிரபரணிக் கரை மருத மரங்களில் தலைகீழாய்த் தொங்கித் துயிலும் வௌவால்களைக் கண்டோர்க்கு அவ்வுவமை இனிக்கும். ஆயினும், இன்றைய ஆராய்ச்சியெல்லாம் அன்றே முடிந்தது எனப் பறைசாற்றுதல் முறையன்று. புலவர்கள் கூர்ந்து நோக்கி ஊகித்தனர், அளந்து அறிந்தாரல்லர்.

அளந்தவர் பிற்காலத்தவர். உறங்கும் மனிதரின் விழிகள் இடையிடையே விரைந்து உருள்வதையும், அவ்வேளையில் எழுப்பினால் அவர் பெரும்பாலும் கனவு உரைப்பதையும் 1953-இல் சிகாகோப் பல்கலைக்கழக அறிஞர் வெளியிட்டனர். பூனைக்கும் அத்தகைய உறக்கம் உண்டு. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து மிசேல் ஷுவே என்பார், அவ்வேளையில் பூனையின் மூளை விழித்தாற்போல் இயங்க, தசைகள் மட்டும் தளர்ந்து கிடத்தலை 1959-இல் விளக்கினார். தசைகளைத் தளர்த்தும் மூளைப்பகுதியைச் சிதைத்தபோதோ, பூனை உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரைமேற் பதுங்கிப் பாய்ந்தது! கொடிய சோதனைதான், எனினும் அது காட்டியது பெரிது. 2001-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், வட்டப்பாதையில் ஓடிய எலிகளின் மூளை இயங்கிய அதே ஒழுங்கு அவற்றின் உறக்கத்திலும் மீண்டு வருதலைக் கண்டனர். கபிலர் யானைக்குக் கூறிய காரணம் எலிக்கும் பொருந்திற்று.

கண் திறவாத குட்டியும் உறக்கத்தில் துடிக்கின்றதே, அது எதனைக் கண்டிருக்கும் என்று வினவலாம். தக்க வினாவே. துடிப்பு ஒன்றே கனவுக்குச் சான்றாகாது. ஆனால், விலங்கு தன் கனவை உரைப்பதில்லை; ஆதலின் அதற்குக் கனவே இல்லை என்பது பொருந்தாது. அயலார் கனவையும் அவர் சொல்லக் கேட்டன்றி யார் அறிவார்? பேச்சிழந்து படுக்கையிற் கிடக்கும் முதியவர்க்குக் கனவில்லை என எவரேனும் கூறுவரோ? வாயில்லாச் சீவன் என்று இரங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு; வாயின்மையை மனமின்மையாகக் கொள்வதே பிழை.

களத்தில், சிறுவன் நாயைத் தட்டி எழுப்பக் கை நீட்டுகின்றான். "தொடாதே! திடுக்கிட்டு எழும் நாய் ஆளறியாது கடிக்கும்" என்று தடுக்கின்றார் முதியவர். கனவில்லை என்றவர் அவரே! சற்றுப் பின்னர் நாய் தானே விழித்து எழுகின்றது. ஒருவரும் இல்லாத நெற்குவியலை நோக்கி உறுமுகின்றது. அதனை ஒருமுறை சுற்றி வந்து, பழைய இடத்திலேயே மீண்டும் படுத்துக்கொள்கின்றது.