கண்டிக்கு வருவோருக்கு வாவிக்கரையிலிருந்து



எசல பெரஹெரா நெருங்குகிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று எல்லாப் பக்கங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கண்டிக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருப்பீர்கள். வாருங்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக வாவியைச் சுற்றிக் குடியிருக்கும் நாங்கள் உங்களை மனதார வரவேற்கிறோம். வரும்போது எங்கள் வாவியைக் கொஞ்சம் மனதில் வைத்து வாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

கண்டிக்குச் சுற்றிலும் மலை, அடியில் வாவி. சரிவில் எங்கே எதைப் போட்டாலும் அடுத்த மழைக்கு அது வாவிக்கு வந்து சேர்ந்துவிடும். வாவி நிரம்பி வழியும் தண்ணீர் மெத எல என்ற கால்வாய் வழியாக நகருக்குள் ஓடி மகாவலியில் விழுகிறது. குடிநீருக்கு நாங்கள் நம்பியிருப்பதும் அதே மகாவலியைத்தான். ஆகவே, கரையில் நின்று ஒருவர் வீசும் பொலித்தீன் பை கண்ணை விட்டு மறைந்தாலும் எங்களை விட்டுப் போவதில்லை.

எங்கள் வாவி தானாக உண்டான ஏரியும் அல்ல. மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி மன்னன், 1807 அளவில் அரண்மனைக்கு அருகே இருந்த வயல்நிலத்துக்கு அணை போட்டு உண்டாக்கியது. குடிமக்களிடம் கட்டாய வேலை வாங்கித்தான் அதைச் செய்தான்; அதனால் வெறுப்பையும் தேடிக்கொண்டான். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, பின்னர் வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். அவன் தொடங்கிய கரைச்சுவர் முழு வாவியையும் சுற்றி வராமல் பாதியில் நின்றது. கூலியில்லாமல் மண் சுமந்த அந்த மக்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது இந்த வாவி ஒன்றுதான்.

அந்தச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேகம் போல ஏறி இறங்கும் வெள்ளைச் சுவர். அதில் வரிசையாக முக்கோண மாடங்கள். விளக்கு வைக்கவென்று கட்டிய மாடங்கள் அவை. நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் காலையில் அவற்றுக்குள் நாங்கள் காண்பது என்ன? யோகட் கோப்பை, ஐஸ்கிரீம் குச்சி, காலித் தண்ணீர்ப் போத்தல், சுவரில் வழிந்து காய்ந்த வெற்றிலைச் சாறு. வெள்ளைச் சுண்ணாம்பில் அந்தச் சிவப்பு இலேசில் போகாது. மாடத்தில் கைவைக்குமுன் ஒரு கணம் யோசியுங்கள்.

மீனுக்குப் பாணும் பொரியும் போடுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனால் மீன் தின்னாமல் விட்டது அடியில் அழுகும். அழுகியது பாசிக்கு உரமாகும். 1999இல் நீலப்பச்சைப் பாசி பெருகி வாவி எப்படிக் கிடந்தது என்பது எங்கள் பெரியவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. மலைச்சரிவிலிருந்து வந்து சேரும் கழிவுநீர் இதைவிடப் பெரிய காரணம் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அதற்காக மாநகர சபையிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் உங்களிடம் கேட்கிறோம்.

முடிந்தால் ரயிலில் வாருங்கள். 1867 முதல் கண்டிக்கு ரயில் ஓடுகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் யன்னலோரம் கிடைத்தால் அந்தப் பயணமே பாதி சுற்றுலா. வான் பிடித்து வருவோர் அதை நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸிலோ நடந்தோ உள்ளே வாருங்கள். மலைகளுக்கு நடுவே புகை அவ்வளவு சுலபமாகக் கலைவதில்லை. பெரஹெரா நாட்களில் ஓர் அம்புலன்ஸ் வண்டி வாவி வீதியில் நகர முடியாமல் தவிப்பதைப் பார்க்க மனம் பதறுகிறது.

ஒரே நாளில் வந்து திரும்பாமல் ஓர் இரவு தங்குங்கள். விடியற்காலையில் வாவியைச் சுற்றி நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஒரு மணித்தியாலம் போதும். நீர்க்காகங்கள் அடையும் மரங்களுக்குக் கீழே மட்டும் போகாமல் கொஞ்சம் விலகி நடங்கள். தலதா மாளிகையை வணங்கியபின் பக்கத்திலேயே பத்தினி தேவாலயத்துக்கும் போங்கள். மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் கண்ணகிக்குப் பொங்கும் எங்கள் உறவுகளுக்கு, சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடும் அந்த இடம் அந்நியமாக இராது.

2025 ஏப்ரலில் தலதா மாளிகையில் நடந்த புனிதப் பல் தரிசனத்துக்கு இலட்சக்கணக்கில் வந்தவர்களை இந்தச் சின்ன நகரம் தாங்கியது. பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து பௌத்த யாத்திரிகர்களுக்கு இடம் கொடுத்தன. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் கூட்டம் கலைந்தபின் தெருவில் கிடந்த குப்பையை அள்ளிய சுத்திகரிப்புத் தொழிலாளர்களின் முகமும் நினைவில் நிற்கிறது. அவர்களில் நம் மலையகத்துப் பிள்ளைகளும் உண்டு. இந்த முறை அவர்களுக்கு அந்தப் பாரத்தைக் கொடுக்காதீர்கள்.

பெரஹெரா பார்க்க நடைபாதையில் விரிக்கும் பொலித்தீன் விரிப்பை எழும்பும்போதே சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சோறு கட்டிய லஞ்ச் ஷீட்டையும் போத்தலையும் போட ஆளுக்கொரு பை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். பாடசாலைச் சுற்றுலா அழைத்துவரும் ஆசிரியர்களே, பஸ் ஏறுமுன் பிள்ளைகளை எண்ணும்போது அவர்கள் கையில் அந்தப் பை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்டி வாவிக்கரையில் குடியிருப்போர்