கொலைக்குப் பிறகு விசாரணை போதாது!

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில், ஏற்றுமதித் துணி தைக்கும் ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலை செய்யப்பட்டார். கைதானது யார்? வழிப்பறிக்காரனா? இல்லை. அதே ஆலையில் அவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசர்! அந்த ஆளின் தொல்லை தங்களுக்கு முன்பே தெரியும் என்று உடன் வேலை செய்த பெண்கள் பின்னர் சொன்னார்கள்.

முன்பே தெரியும்! தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவர்களைக் கேட்க நமக்கு உரிமை கிடையாது. யாரிடம் சொல்வது? உற்பத்திக் கணக்குக் கேட்பவன் அவன். லீவு கொடுப்பவன் அவன். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிப்பவனும் அவன். மிரட்டுகிறவனிடமே மனுக் கொடுக்கச் சொன்னால் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

சில நிர்வாகங்கள் "பயிற்சி கொடுத்துவிட்டோம்" என்று மார்தட்டுகின்றன. அந்தப் பயிற்சியின் லட்சணம் நமக்குத் தெரியாததா! கேட்டருகே ஒரு போர்டு, வருஷத்துக்கு ஒரு பிரசங்கம், வருகைப் பதிவில் கையெழுத்து, ஒரு கப் டீ. சூப்பர்வைசர் சுவரோரம் நின்று யார் கேள்வி கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இது தொழிலாளியைக் காக்கும் ஏற்பாடல்ல; வழக்கு வந்தால் முதலாளியைக் காக்கும் ஏற்பாடு.

அந்தக் கொலைக்குப் பின் தலித் பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் ஒன்று, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, துணி வாங்கும் அந்நியக் கம்பெனியான எச் அண்ட் எம்மும் கட்டுப்பட வேண்டியதாயிற்று. பின்னர் கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. அதில் நம்மைக் கவர்ந்த அம்சம் ஒன்று: 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில் வேலைத் தளத்திலேயே கண்காணிப்பாளர்கள். வெளியிலிருந்து வந்தவர்களல்ல, பக்கத்து மிஷினில் தைக்கும் பெண்கள். எது தொல்லை, எது மிரட்டல், எதை யாரிடம் கொண்டுபோவது என்று சங்கமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கெட்ட பேச்சு காதில் விழுந்தாலே அதைச் சங்கத்துக்குக் கொண்டுபோக வழி பிறந்தது. கெட்ட பேச்சு கையோங்கலாகும் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2013ஆம் வருஷச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உட்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், பாதிப்பேராவது பெண்கள், வெளியார் ஒருவர். விசாரணை நடக்கும்போது புகார் செய்தவர் எழுதிக் கேட்டால் அவரையோ எதிராளியையோ இடம் மாற்றலாம். மூன்று மாதம் வரை லீவு கொடுக்கலாம். பல இடங்களில் புகார் செய்த பெண்ணைத்தான் வேறு ஷிப்டுக்குத் துரத்துகிறார்கள்! எதிராளியை மாற்று என்று கேட்கும் வழி உண்டென்பது அவளுக்குத் தெரிந்தால்தானே கேட்பாள்?

வயலில் நடவு நடும் பெண்களுக்கு? மிராசுதாருக்கெதிராக எந்தக் குழு? அதே சட்டப்படி ஜில்லாதோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். முதலாளியே குற்றவாளியானாலும் அங்கே புகார் செய்யலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1968 டிசம்பர் 25 இரவில் வெண்மணியில் 44 உயிர்களை நெருப்புக்குக் கொடுத்தது விவசாயத் தொழிலாளி வர்க்கம். அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களுக்கு மிரட்டல் என்பது வெறும் வார்த்தையல்ல.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2019இல் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை, வன்முறையால் உயிருக்கு உடனடி அபாயம் என்று நம்ப நியாயமிருந்தால் தொழிலாளி வேலையை விட்டு விலகி நிற்கலாம், அதற்காகப் பழிவாங்கக் கூடாது என்கிறது. இந்திய சர்க்கார் இதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு வெளியேற உரிமையில்லாதவளுக்குப் பயிற்சி கொடுத்து என்ன பயன்?

தோழர்களே, பயிற்சி வேலை நேரத்தில், கூலியோடு நடக்க வேண்டும். சூப்பர்வைசர் இல்லாத அறையில் நடக்க வேண்டும். நடத்துவதில் சங்கத்துக்குப் பங்கு வேண்டும். இதை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இரவு ஷிப்டு விட்டு யார் தனியாக நடந்து போகிறார்கள், எந்த வழியில் போகிறார்கள், கூடப் போக யார் உண்டு என்று இந்த வாரமே கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கெடுங்கள். உங்கள் ஆலையின் உட்புகார்க் குழுவில் யார் யார் என்று நிர்வாகத்தை எழுத்து மூலம் கேளுங்கள்.