பீரோ சாவி யார் கையில்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஊர் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் எந்தப் பெயரில் ஏறியது என்று பாருங்கள்: ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’. பட்டியலில் உள்ள 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் இருக்கின்றன, ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். கோனார் தலைவர்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பல கை மாறிய கோட்டை ஒரு கையின் பெயரில் பதிவாகிவிட்டது. இராஜகிரி உச்சி வரை கல்லும் சுண்ணாம்பும் சுமந்த உழைக்கும் மக்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த மக்களின் வழிவந்த பிள்ளைகள் இன்று செஞ்சியைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுடைய பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கோட்டைக்கு யார் பெயர் என்ற கேள்வியும் இந்தக் கேள்வியும் வேறு வேறல்ல.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களோடு ஒரு நூலகம் வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கேற்ற இடம், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதில் உண்டு. 22ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை இந்தக் குழுவிடம்தான் தருகிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியமும் இருக்கிறது.

நடைமுறை என்ன? புத்தகப் பட்டியல் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. கட்டுகள் வந்து இறங்குகின்றன, இருப்புப் பதிவேட்டில் எண் ஏறுகிறது, பிறகு பீரோவுக்குள் போகின்றன. ‘தொலைந்தால் யார் பொறுப்பு?’ என்ற அச்சத்தில் பூட்டு விழுகிறது. ஆடிட்டில் எண்ணிக்கை சரியாக இருக்கும், புத்தகமும் புத்தம் புதிதாக இருக்கும். வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற சிறு நூல்கள், ஊஞ்சல், தேன்சிட்டு போன்ற இதழ்கள் எனப் பள்ளிக் கல்வித்துறை அண்மை ஆண்டுகளில் செய்த நல்ல வேலைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றிலும் பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் இடம் இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருப்பது தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் இடம்.

நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் ஒரு தாய், பகல் கூட்டத்துக்கு வந்தால் அரை நாள் கூலி போய்விடும். வந்தாலும் பின்வரிசையில் உட்கார்வார். புத்தகம் என்று பேச்செடுத்தால், “நாங்க படிக்காதவங்க, எங்களுக்கென்னங்க தெரியும், நீங்களே பாத்து வாங்குங்க” என்பார். அந்தத் தயக்கம் அவர் பிறவியிலேயே கொண்டுவந்ததல்ல. எழுத்தை அவர் குடும்பத்திடமிருந்து பல தலைமுறைகளாகப் பிடுங்கி வைத்திருந்த சாதி கற்றுக்கொடுத்தது.

உண்மையில் இந்த மண்ணின் மக்களுக்குக் கதை தெரியாதா? செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை மூலக்கோயில் என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். பாரதப் பிரசங்கத்தையும் தெருக்கூத்தையும் விடிய விடியக் கேட்டு, எந்த இடத்தில் கதை பிசகியது என்று சொல்லக்கூடியவர்கள் நம் பெற்றோர். தேசிங்கும் அவன் முஸ்லிம் நண்பனும் ஒருவருக்காக ஒருவர் நின்ற கதையை ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாகக் காசு கொடுத்து வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். சுயமரியாதை இயக்கமும் இந்த வழியில்தான் வளர்ந்தது. 1925இல் தொடங்கிய குடிஅரசு ஏட்டை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டு விவாதித்தார்கள். டீக்கடையும் முடிதிருத்தும் நிலையமும் படிப்பகங்களாயின. புத்தகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எழுத்தறிவு முன்நிபந்தனை அல்ல என்பதை நம் இயக்க வரலாறு நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

ஆகவே நம் கோரிக்கை எளியது. மேலாண்மைக் குழுக் கூட்டம் மாலையில், வேலை முடிந்து வரும் நேரத்தில் நடக்கட்டும். அதில் அரை மணி நேரம் புத்தகத்துக்கு ஒதுக்கப்படட்டும். மூன்று புத்தகங்களிலிருந்து சில பக்கங்களை ஆசிரியரோ மாணவரோ உரக்கப் படிக்கட்டும். எது வேண்டும் என்று பெற்றோர் சொல்லட்டும். அந்தப் பெயர்கள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் ஏறட்டும். வாங்கிய பட்டியல் பள்ளிச் சுவரில் ஒட்டப்படட்டும். கிழிந்த புத்தகத்தைப் பயன்பட்ட புத்தகமாகக் கணக்கில் எழுத வழி செய்யுங்கள், பீரோ தானே திறக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பெற்றோர் என்றால் நம் பெற்றோர் மட்டுமா? சாதிப் பெருமை பேசும் பெற்றோரும் வருவார்களே! இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வரக்கூடாது என்று தடுத்ததால் எழுந்த மோதலில், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்தத் தடுப்புக் கைகள் நாளை நூலக வாசலிலும் நீளாதா?

நீளும். அதனால்தான் சேர்க்கும் உரிமையையும் நீக்கும் அதிகாரத்தையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ‘பெற்றோர் உரிமை’ என்ற முழக்கத்தோடு நடப்பதைப் பாருங்கள். 2023–24 கல்வியாண்டில் மட்டும் அங்கே பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட புத்தகத் தடைகளை பென் அமெரிக்கா அமைப்பு பதிவு செய்தது. கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் நாவல்கள் அடிக்கடி அதில் சிக்குகின்றன. நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையையும் நீக்கியது. அதைச் செய்தது பெற்றோர் அல்ல, ஒரு மேற்பார்வைக் குழு. நீக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தாலும் முதலில் வெளியேறுவது ஒடுக்கப்பட்டோரின் குரல்தான்.

நம் பக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் தோள்சீலைப் போராட்டம் பற்றிய பகுதி இருந்தது. அதன் சொற்கள் நாடார் மக்களை இழிவுபடுத்துவதாகச் சமூக அமைப்புகளும் தமிழ்நாட்டுக் கட்சிகளும் எதிர்த்தன. தவறான வரியைத் திருத்தச் சொன்னது நியாயம். நடந்தது வேறு: 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியையே பாடத்திலிருந்து விலக்கியது. மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய போராட்டமும் அந்த வரியோடு சேர்ந்து போய்விட்டது. நம் காயத்தைச் சொல்லும் புத்தகம் நம்மை உறுத்தும்போதும், நீக்கு என்பதற்கு முன் இதை நினைவில் கொள்வோம்.

எனவே விதி இப்படி இருக்கலாம். எந்தப் பெற்றோரும் புத்தகம் சேர்க்கச் சொல்லலாம். தன் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லலாம், பிறர் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பு எழுத்தில் வரட்டும், எழுத இயலாதவர் சொல்வதை ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் புத்தகம் முழுவதும் குழுவில் வாசிக்கப்படட்டும். முடிவாகும் வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும். வயதுக்கு ஏற்றதா என்பதை விவாதிக்கலாம். சாதிக்கு ஏற்றதா என்று விவாதிக்க முடியாது.

அப்படித் திறக்கும் அலமாரியில் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ இருக்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணியில் தனியே உட்கார்ந்து, தண்ணீர் ஊற்ற ஆள் வராத நாளில் தாகத்தோடு இருந்த ஒரு மாணவனின் கதை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாததா? புனேயில் ஃபுலே தம்பதியரின் பள்ளியில் படித்த 14 வயது முக்தா சால்வே 1855இல் மகார், மாங் மக்களின் துயரத்தை எழுதிய கட்டுரை இருக்கட்டும். பாமாவும் இமையமும் மேல்வகுப்புகளுக்கு வரட்டும். செஞ்சி, திண்டிவனம் பகுதியில் வாழும் இருளர் மக்களைப் பாம்பு பிடிப்பவர்களாக மட்டும் காட்டாத புத்தகங்கள் வரட்டும். அவை இல்லையென்றால் அந்தப் பெற்றோர் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். பாறை உடைத்தவர்களின் பக்கமிருந்து கோட்டையின் கதையையும் இந்தப் பிள்ளைகளே எழுதுவார்கள்.

இளைய தோழர்களே, 2024இல் மாற்றியமைக்கப்பட்ட மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீங்கள் படித்த பள்ளிக்குப் போங்கள். புத்தகங்களை நன்கொடையாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து, உங்கள் தெருவின் அம்மாக்களுக்கு ஒரு புத்தகத்தை உரக்கப் படியுங்கள். “இது நம்ம கத மாதிரியே இருக்கே, இத வாங்குங்க” என்று அவர்களில் ஒருவர் சொல்லும்போது, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன் கீழே அவர் போடும் கையெழுத்து, அன்றைக்குத்தான் அவருடைய கையெழுத்தாக இருக்கும்.