மாந்தோப்பும் ராலி கேமும்

குழந்தைகளே, 'ராலி' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் மழைநீர் சேகரிப்பு ராலி, மரம் வளர்ப்பு ராலி என்று உங்களைப் போன்ற பிள்ளைகளின் கையில் தட்டியைக் கொடுத்து, கோஷம் போட வைத்து, தெருத் தெருவாக நடத்திக் கூட்டிப் போவோம். போன கோடை விடுமுறையில் என் பேரன், "தாத்தா, புது ராலி கேம் வரப்போகுது!" என்று குதித்தபோது, "அதில் என்ன கோஷம் போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அவன் சொன்னது கார் ராலி. டி.வி.யில் பார்க்கிறோமே, வட்டமான பாதையில் இருபது கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவது, அது வேறு. ராலியில் கார்கள் ஒன்றாக ஓடுவதில்லை. சாதாரண மக்கள் போய் வரும் மலைச்சாலை, காட்டுப்பாதை, மண்ரோடு ஆகியவற்றைக் கொஞ்ச நேரம் மூடி வைத்து, ஒவ்வொரு காராக விடுவார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். எல்லாப் பாதைகளிலும் சேர்த்துக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர்.

இன்னொரு விசேஷம், காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே வருவார். "நூறு மீட்டரில் இடது வளைவு, அதை அடுத்து மேடு, மேட்டுக்கு அப்பால் வலது பக்கம் கல்" என்கிற மாதிரி. போட்டிக்கு முன்பே இருவரும் அந்தப் பாதையில் மெதுவாகப் போய்ப் பார்த்து எழுதிக்கொண்ட குறிப்புகள் அவை. மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் குரலை நம்பித்தான் வேகத்தைக் குறைக்காமல் பறக்கிறார். பிரான்ஸ் நாட்டு செபாஸ்டியன் லோப், 2004 முதல் 2012 வரை தொடர்ந்து 9 முறை உலக சாம்பியன். அந்த ஒன்பது முறையும் பக்கத்து சீட்டில் இருந்து நோட்டைப் படித்தவர் டேனியல் எலினா என்பவர். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்! (2025-ல் இன்னொரு பிரெஞ்சுக்காரரான செபாஸ்டியன் ஓஜியேவும் 9 பட்டங்களைத் தொட்டுவிட்டார்.)

இந்த உலக ராலி சாம்பியன்ஷிப் 1973-ல் தொடங்கியது. சுவீடனில் பனிக்கட்டி மேல் ஆணி பதித்த டயரோடு ஓடுவார்கள். பின்லாந்தில் மேடுகளில் கார் நிஜமாகவே காற்றில் பறக்கும். கென்யாவில் மாவு போன்ற புழுதி காரையே மூடிவிடும். நம் ஊருக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டுறவு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எப். டயர் நிறுவனத்தின் அணியில் ஓட்டிய ஸ்பெயின் வீரர் எஃப்ரேன் யரேனா, 2022-ல் ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார்.

சரி, கேமுக்கு வருவோம். பேரன் சொன்ன வார்த்தைகளில் ஒன்று என் காதில் நின்றது. "இது அபிஷியல் கேம் தாத்தா, லைசென்ஸ் வாங்கினது." கேம் விளையாட லைசென்ஸா என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. உங்களுக்கு அதை ஒரு மாந்தோப்பை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் தோப்பு வைத்திருக்கும் எல்லோரும் தாங்களே காய் பறித்து விற்பதில்லை. குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். குத்தகைக்காரர் பணம் கொடுத்துவிட்டுத் தோப்பைக் காவல் காத்து, காய் பறித்து, விற்று லாபம் பார்ப்பார். காய்ப்பு இல்லாவிட்டாலும் குத்தகைப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். கெடு முடிந்தால் தோப்பு சொந்தக்காரரிடம் திரும்பிவிடும்.

உலக ராலி சாம்பியன்ஷிப்பின் பெயர், சின்னம், அணிகள், வீரர்கள் எல்லாம் சேர்ந்தது அந்தத் தோப்பு. கேம் செய்யும் கம்பெனிகள் குத்தகைக்காரர்கள். 2001-ல் இங்கிலாந்தின் எவல்யூஷன் ஸ்டுடியோஸ் பிளேஸ்டேஷன் 2-க்கு முதல் கேமைச் செய்தது. 2010-ல் இத்தாலியின் மைல்ஸ்டோன் வந்தது. 2015 முதல் 2022 வரை பிரான்சின் கைலோடான். பிறகு இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ். இவர்களுக்கு 2023 முதல் 2027 வரை 5 ஆண்டுக் குத்தகை. அதற்குள் அமெரிக்காவின் ஈ.ஏ. கம்பெனி 2021-ல் கோட்மாஸ்டர்ஸையே விலைக்கு வாங்கிவிட்டது.

இவர்கள் செய்த கேம் 2023 நவம்பரில் வந்தது. 200-க்கும் மேற்பட்ட பாதைகள், சில பாதைகள் 30 கிலோமீட்டருக்கும் அதிக நீளம்! யோசித்துப் பாருங்கள். வட்டப்பாதை என்றால் ஐந்தாறு கிலோமீட்டரை வரைந்துவிட்டால் போதும், அதையே சுற்றிச் சுற்றி ஓடலாம். ராலிப் பாதையில் ஒவ்வொரு மரம், கல், பள்ளத்தையும் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்ய வேண்டும். அத்தனை உழைப்புக்கு ஏற்ற கூட்டம் இருக்கிறதா? ராலி கேம் வாங்குகிறவர்கள், கால்பந்து கேம் வாங்குகிறவர்களை விட மிகக் குறைவு. 2025-ல், ஐந்து ஆண்டு முடியும் முன்பே, "இந்த கேமில் எங்கள் வேலை முடிந்தது, வேறு ராலி கேம்களும் இப்போதைக்கு இல்லை" என்று கோட்மாஸ்டர்ஸ் அறிவித்துவிட்டது. அந்த நாட்களிலேயே ஈ.ஏ. கம்பெனி நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பியது. கேமில் ஒரு மரத்தை அழகாக வரைந்தவருக்கும் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா?

அதே 2025-ல் அடுத்த அறிவிப்பு. 2027 முதல் உரிமம் நேகான் என்ற பிரெஞ்சுக் கம்பெனிக்கு. கைலோடான் செய்த கேம்களை 2022 வரை வெளியிட்டவர்கள் இவர்களேதான். பழைய குத்தகைக்காரருக்கே தோப்பு திரும்பிய கதை. என் பேரன் குதித்தது இதற்குத்தான். 2027-ல் ராலி கார்களுக்கான விதிகளும் மாறுகின்றன. ஒரு காரின் விலை 3,45,000 யூரோவைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு. அதாவது புதுக் கார், புது கேம்.

எனக்கு இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. குத்தகைக்காரர் போகும்போது பம்புசெட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார், இல்லையா? அதே மாதிரி, பின்லாந்துப் பாதையை ஒவ்வொரு கம்பெனியும் முதலிலிருந்து செய்கிறது. குத்தகை முடியும்போது அந்த உழைப்பு அடுத்தவருக்குப் போவதில்லை. கெடு நெருங்கும் வருஷத்தில் தோப்பில் புதுக் கிணறு யார் வெட்டுவார்?

இன்னொன்று. அபிஷியல் முத்திரை இருந்தால்தான் நல்ல கேம் என்று நினைக்காதீர்கள். 1998-ல் வந்த 'காலின் மெக்ரே ராலி' உலகமெங்கும் பேர் வாங்கியது. அதில் இருந்தது ஒரே ஒரு வீரரின் பெயர். அவர் 1995-ன் உலக சாம்பியன். அவருக்கு நிஜமாகவே நோட்டுப் படித்த நிக்கி கிரிஸ்ட்தான் கேமிலும் குரல் கொடுத்தார். 2015-ல் வந்த 'டர்ட் ராலி'யிலும் உலக ராலி முத்திரை இல்லை. ஆனால் ராலிப் பிரியர்கள் இன்றும் அதைப் புகழ்கிறார்கள். முத்திரை இருந்தால் நிஜப் பெயர்கள் இருக்கும், அவ்வளவுதான். கார் ஓடும் விதம் நிஜம் போல இருக்கிறதா என்பது செய்பவர் கையில்.

பேரன் அப்போது ஒரு கேள்வி கேட்டான். "குத்தகை முடிஞ்சா நான் வாங்கின கேம் என்ன ஆகும் தாத்தா?"

நல்ல கேள்வி. 'போர்ஸா ஹொரைசன் 4' என்ற கார் கேம், உரிமங்களின் கெடு முடிந்ததால் 2024 டிசம்பரோடு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம். 'தி க்ரூ' என்ற கேமின் கதை அப்படியில்லை. 2014-ல் வந்த அந்த கேம், இன்டர்நெட்டில் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ல் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவர்கள் வீட்டிலும் கேம் ஓடவில்லை! தோப்புக்காரரும் குத்தகைக்காரரும் பேசிக்கொள்வது இருக்கட்டும், நான் வாங்கி வீட்டில் வைத்த மாம்பழம் எப்படி மாயமாகலாம் என்று ஐரோப்பாவில் ஒரு இயக்கமே கிளம்பியது. 2025-ல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய கேமை இன்டர்நெட்டில் விற்கும்போது, "நீங்கள் வாங்குவது அனுமதி மட்டுமே" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் பக்கம்தான் நான். கம்பெனி மூடினாலும், வாங்கியவர் தனியாக விளையாட ஒரு வழி வைத்துவிட்டுப் போகட்டுமே!

இதைக் கேட்டதிலிருந்து பேரன் எந்த கேமின் பெட்டியைப் பார்த்தாலும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளில் 'இன்டர்நெட் தேவை' என்று இருக்கிறதா எனத் தேடுகிறான். அதற்கு என்னுடைய பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நான் பேப்பர் படிக்கத் திண்டாடுகிறேன். புது ராலி கேமுக்காக உண்டியலில் எவ்வளவு சேர்த்திருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.