வீசிய விதையை அல்ல, முளைத்ததை எண்ணுவோம்

மழைக்காலம் நெருங்கினால் விதைப்பந்து வீசும் விழாக்கள் களைகட்டிவிடுகின்றன. எத்தனை லட்சம் வீசினோம் என்ற கணக்கு மேடையேறுகிறது; எத்தனை முளைத்தன என்ற கணக்கு வருவதில்லை. காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்குடன் 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. இலக்கு எட்ட வேண்டுமானால், சரக்கொன்றை, வாகை போன்ற கடினத்தோல் விதைகளை நேர்த்தி செய்யாமல் மண்ணில் போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இவ்விதைகளின் மேலுறையில் நெருக்கமாக அடுக்கிய தடித்த செல்கள் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. கரு உயிரோடிருந்தும், ஈரம் எட்டாமல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உறங்குகிறது. வாகைக்குத் தீர்வு எளிது: கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியதும் விதையைக் கொட்டி இரவு முழுக்க ஊறவிடலாம். காலையில் உப்பியவற்றை விதைத்துவிட்டு, உப்பாதவற்றை மட்டும் மீண்டும் வெந்நீரில் போடலாம். பிடிவாதமான சரக்கொன்றை விதையை உப்புத்தாளில் தேய்க்கலாம். கண் இருக்கும் முனையைத் தவிர்த்து வேறிடத்தில் நகவெட்டியால் மேல்தோலை மட்டும் லேசாகக் கீறலாம். கந்தக அமிலமும் பலன் தரும். ஆனால் அது பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டியது, பள்ளி முற்றத்துக்கு உரியதல்ல.

காட்டில் யார் விதை நேர்த்தி செய்தார்கள் என்று கேட்கலாம். கால்நடைகளின் வயிறும் வெயிலும் தீயும் செய்தன. சீமைக்கருவேலம் ஆட்டுப் புழுக்கை வழியே ஊரெங்கும் பரவியதே சான்று. ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் இயற்கைக்குப் போதும். பொதுப் பணத்தில் நடும் நமக்குப் போதாது. உறக்கம் வறட்சிக்கான காப்பு, எல்லாம் ஒரே மழையில் முளைத்தால் அடுத்த வெயிலில் மொத்தமும் கருகும் என்ற வாதம் வலுவானது. மானாவாரி நிலத்தில் நேரடியாக விதைப்போர் பாதியை நேர்த்தி செய்யாமல் கலந்து விதைக்கட்டும். தண்ணீர் ஊற்றி வளர்க்கும் நாற்றங்காலுக்கு அந்தக் காப்பு தேவையில்லை. அங்கே ஒரே சீராக முளைப்பதுதான் லாபம். நேர்த்தி செய்த விதையை ஈரக் களிமண்ணில் உருட்டிக் காயவைத்தால் முளை வாடிவிடக்கூடும். எனவே இவ்வினங்களுக்கு விதைப்பந்தைவிட நாற்றங்காலே பொருத்தம்.

எல்லா விதைக்கும் ஒரே மருந்தும் இல்லை. தேக்குக் காயை மாறி மாறி ஊறவைத்து உலர்த்த வேண்டும். சில வாரங்களிலேயே உயிர்ப்பை இழக்கும் வேப்பம் விதையைக் காலம் தாழ்த்தாமல் விதைக்க வேண்டும். வெந்நீர் அதைக் கொன்றுவிடும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி போன்ற இடங்களில் இந்த அறிவு இருக்கிறது. விதைப் பொட்டலம் ஒவ்வொன்றிலும் சேகரித்த நாளும் நேர்த்தி முறையும் அச்சிடப்பட வேண்டும். அரசு நிதி பெறும் விதைப்புத் திட்டங்கள் மழைக்குப் பின் முளைப்புக் கணக்கைக் காட்ட வேண்டும். காட்டாதவற்றுக்கு மறு ஆண்டு நிதி தரக் கூடாது.