கம்ப்யூட்டருக்கு ஒரு பானைத் தண்ணீர்

டிஸ்கி: நான் பி.காம். வேலை வங்கியில். இன்ஜினியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

இங்கே நாக்பூரில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் எல்லாம் கொஞ்ச நாளாக ஒரே புகார். பையன் டெஸ்க்டாப்புக்கு 'வாட்டர் கூலிங்' போட்டே தீருவேன் என்கிறானாம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு, குழாயில் நீலத் தண்ணீர். எல்லாம் வீடியோ செய்கிற வேலை. அப்பாக்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி பத்தாயிரத்தை எடுத்து நீட்டி "வாங்கித் தொலை" என்கிறது. இன்னொரு கட்சி "தண்ணியும் கரண்டுமா? போய்ப் படிடா" என்கிறது. நான் இரண்டிலும் இல்லை. என் கட்சி மூன்றாவது: வாங்கித் தராதீர்கள். வீட்டில் கிடக்கிற பழைய மிஷினில் அவர்களே செய்து பார்க்க விடுங்கள்.

முதலில், ஏன் வாங்க வேண்டாம்?

தேவை இல்லை, அதுதான் காரணம். கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விப்பது புதுசும் இல்லை. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 மெயின்பிரேமுக்கே தண்ணீர்க் குழாய்தான். வீட்டு மிஷின்களுக்கு அந்த ஆசை பெரிதாக வந்தது 2004 வாக்கில். அப்போது வந்த பெண்டியம் 4 பிரெஸ்காட் சிப்கள் 115 வாட் வரை சூடு கக்கின. ஆப்பிளே அந்த வருஷம் ஒரு பவர் மேக் ஜி5 மாடலுக்குத் தொழிற்சாலையிலேயே திரவக் குளிர்விப்பு வைத்து அனுப்பியது. 2006-ல் கோர் 2 டுயோ வந்தது, வழக்கமான டெஸ்க்டாப் மாடல்கள் 65 வாட்டில் நின்றன. பலருக்குத் தேவையே போய்விட்டது. இப்போது மறுபடி ஏறியிருக்கிறது, உண்மைதான். 2022-ல் வந்த கோர் ஐ9-13900கே முழு மூச்சில் 253 வாட் வரை இழுக்கும். ஆனால் பதினொன்றாவது படிக்கும் பையனின் மிஷினில் அதுவா இருக்கிறது? பெரும்பாலும் 65 வாட் சமாச்சாரம்தான். அதற்கு நல்ல விசிறி போதும்.

இரண்டாவது, வாட்டர் கூலிங் என்றால் ஏசி மாதிரி ஏதோ ஜில்லென்று ஆக்கும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, தூக்கிக்கொண்டுதான் போகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் கிளியரிங் மாதிரி. செக்கை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கொண்டுபோகும், கடனை அடைக்காது. சிப்பிலிருந்து எடுத்த சூட்டைக் கடைசியில் ரேடியேட்டர் அறைக் காற்றில்தான் கொட்ட வேண்டும். அறை 40 டிகிரி என்றால் தண்ணீர் 40-க்குக் கீழே போகாது. நாக்பூர் மே மாதத்தில் இது விளையாட்டில்லை. வெளியே 45 சர்வ சாதாரணம்.

"ஒரு பக்கெட் தண்ணீரில் பம்பைப் போட்டால் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4,186 ஜூல். பக்கெட்டில் 10 லிட்டர், சிப் 65 வாட் என்றால் கிட்டத்தட்ட 11 நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும். இரண்டு மணி நேரத்தில் 11 டிகிரி. பக்கெட் தானாக விடும் சூடு போக மீதி எல்லாம் உள்ளேயே. பக்கெட் சூட்டைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியது என் மகள். பதினொன்றாவது படிக்கிறாள். இங்கேதான் என் கட்சிக்கு வருகிறேன்.

2008-ல் வாங்கிய கோர் 2 டுயோ மிஷின் ஒன்று பரண் மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரர் எடைக்குத்தான் கேட்பார். அதைக் கீழே இறக்கினோம். ரேடியேட்டர் வாங்கவில்லை. இந்த ஊரில் வெயில் காலத்தில் வீட்டுக்கு வீடு கூலர் ஓடும். வெட்டிவேர் தட்டியோ மரச்சுருளோ நனைந்துகொண்டே இருக்க, காற்று அதன் வழியே வரும். நம் ஊர் மண்பானையும் செய்வது அதே வேலைதான். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இது ஒன்றுதான் அறைச் சூட்டுக்குக் கீழே போக ஏழைக்கும் எட்டுகிற வழி. ஏன் பானையையே ரேடியேட்டர் ஆக்கக் கூடாது என்று அவள் கேட்டாள்.

செய்தது இது. சிப்பின் மேல் உட்கார ஒரு செம்புக் கட்டி, உள்ளே தண்ணீர் ஓட வழி. லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். ஏசி மெக்கானிக்குகளுக்கு விற்கும் செம்புக் குழாய் 15 அடி வாங்கி, சுருளாக வளைத்துப் பானைக்குள் இறக்கினோம். சின்ன பம்ப் ஒன்று கட்டிக்கும் சுருளுக்கும் இடையே தண்ணீரைச் சுற்றவிடும். குழாய்க்குள் ஓடுவது டிஸ்டில்ட் வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவோமே, அதேதான். பானையில் இருப்பது முனிசிபாலிட்டித் தண்ணீர். இரண்டும் கலப்பதில்லை. பானையின் மண்ணும் உப்பும் உள்ளே போய் அடைக்கக் கூடாது அல்லவா? பானைக்கு எதிரே ஒரு டேபிள் ஃபேன்.

ரிசல்ட்? மே மாதப் பிற்பகல், அறை 40 டிகிரி, சிப் முழு வேகத்தில். கம்பெனி கொடுத்த விசிறியில் 74. பானையில் 57. பானைத் தண்ணீர் 33-ல் நின்றது. நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டிய டவர் ஏர் கூலரில் 59.

பார்த்தீர்களா, வெறும் இரண்டு டிகிரி வித்தியாசம்! ஜூலையில் மழை வந்து காற்று ஈரமானதும் அதுவும் போயிற்று. டவர் கூலர் ஜெயித்தது, பானை தோற்றது. காரணத்தையும் அவளே தெர்மாமீட்டரில் ஈரத்துணி சுற்றிப் பார்த்துச் சொன்னாள். வெயில் 44, காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் அந்தத் தெர்மாமீட்டர் சுமார் 23 காட்டும். அதே சென்னையில் 38 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் 30-ல் நின்றுவிடும். பானை அதற்குக் கீழே போகவே முடியாது. சென்னையில் ஏன் கூலர் எடுபடுவதில்லை என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். பதில் அவள் கையிலேயே கிடைத்தது.

செலவுக் கணக்கு: பம்ப் 650, செம்புக் குழாய் 900, செம்புக் கட்டி பட்டறைக் கூலியோடு 700, ட்யூபும் கிளாம்பும் 250, பானை 150, டிஸ்டில்ட் வாட்டர் 150. மொத்தம் 2,800 ரூபாய். டவர் கூலர் 2,000-க்குக் கிடைக்கும். லோன் கேட்டு வந்தால் நான் சாங்ஷன் பண்ணமாட்டேன். குளிர்விக்கும் கருவி என்று பார்த்தால் சுத்த நஷ்டம்.

ஆனால் இதே வீடுகளில்தான் கோச்சிங் கிளாசுக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். அங்கே பிள்ளைகள் வெப்பக் கணக்கை நூறு விதமாகப் போடுகிறார்கள். எத்தனை பேர் கையை நனைத்திருக்கிறார்கள்? நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் 65 வாட் சூட்டுக்குத் தண்ணீர் ஒரு டிகிரி கூட ஏறாது என்று சூத்திரம் சொல்லும். டம்ளரும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்து அளந்து, 'அட, ஆமாம்' என்று சொல்வது வேறு. 'படிப்பு கெட்டுவிடும்' என்பவர்களுக்கு என் பதில், இதுவும் படிப்புதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. பரீட்சை ஒன்றும் குடிமுழுகவில்லை.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இன்னொன்றும் உண்டு. ஊரில் என்றால் மாமா சைக்கிள் கடையோ, பெரியப்பா மோட்டார் ரிப்பேரோ பார்த்து, பிள்ளைகள் ஸ்பேனர் பிடித்துப் பழகும். இங்கே ஃபிளாட்டில் பல்பு மாற்றக்கூட எலெக்ட்ரீஷியன்தான். கழற்றி மாட்டுகிற தைரியத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீரும் கரண்டும் என்ற பயம் நியாயமானது. அதனால் சில கண்டிப்புகள்:

பம்ப் 12 வோல்ட் டிசி மட்டும். கூலரில் போடும் 230 வோல்ட் பம்ப் மலிவு, ஆனால் பிள்ளைகள் கை வைக்கும் தண்ணீரில் அது வேண்டாம்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கூடாது. அலுமினியத்தை அரித்துவிடும்.

கார் கூலன்ட் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கிற விஷம். குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

மிஷினுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட விடுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பர். ஒரு சொட்டு நனைந்தாலும் மறுபடி முதலிலிருந்து.

பானையில் ஐஸ் போடாதீர்கள். ஆவியாகிக் குளிரும் தண்ணீரால் குழாய் வியர்க்காது. ஐஸ் போட்டால் வியர்க்கும், சொட்டும், போர்டு போகும்.

கடைசியாக, போனால் போகட்டும் என்கிற மிஷினில் மட்டும். ஆபீஸ் லேப்டாப் பக்கம் வரவே கூடாது :-)

நம் வீடுகளில் பரண் மேல் ஒரு பழைய சிபியு கட்டாயம் இருக்கும். இந்தக் கோடை லீவுக்கு அதைக் கீழே இறக்குங்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியைக் கேட்கும் பிள்ளையிடம் மூவாயிரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதச் சொல்லுங்கள். மிஷின் பிழைத்தாலும் செத்தாலும் அந்தப் பணம் வீண் இல்லை.