ஒத்தால் மிகை, மறுத்தால் கேடு!

வேடம் மாறும், வாதம் மாறாது. இரண்டு வாயில்களைக் காட்டி, இரண்டையும் அடைத்துவிட்டு, "எங்கே போவாய்?" என்று எள்ளி நகையாடும் வாதம் ஒன்றுண்டு. அதன் முகத்திரையை நாம் கிழித்தாக வேண்டும்.

அலெக்சாந்திரியா நூலகத்தைப் பற்றிய கதையைக் கேட்டிருப்பீர்கள். மறைநூலோடு ஒத்த ஏடுகள் மிகை, முரண்பட்டவை கேடு, ஆகவே அனைத்தையும் எரித்திடுக என்று கலீபா உமர் ஆணையிட்டாராம். ஏழாம் நூற்றாண்டில் நடந்ததாகக் கூறப்படும் இச்செய்தி, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னரே ஏட்டில் ஏறியது. கட்டுக்கதை என்றே வரலாற்றறிஞர் பலர் இதனைத் தள்ளுவர். கதை பொய்த்தது, வாதமோ செத்தபாடில்லை!

1910களில், அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தோர் துண்டறிக்கையில் என்ன எழுதினர்? மணமான பெண்ணின் வாக்கு, கணவனின் வாக்கை இரட்டிக்கும்; அன்றேல் அதனை அழிக்கும் என்றனர். ஏட்டின் இடத்தில் பெண். மறைநூலின் இடத்தில் கணவன்! வேறென்ன வேற்றுமை?

ஒக்கும் அல்லது ஒக்காது. மூன்றாவது வழி இல்லை என்பது மெய்யே. பிழை அங்கன்று. ஒத்தால் மிகை என்று தீர்ப்பளித்தவர் யார்? ஒரே கருத்துடைய பத்து ஆடவரின் வாக்குகளைப் பத்தாகத்தானே எண்ணுகிறோம்? மறுத்தால் கேடு என்றவர் யார்? மறுக்க உரிமையில்லா வாக்கு, வாக்காகுமா? கணவனின் கருத்தே அளவுகோல் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டுப் பிறகு அளக்கத் தொடங்குவது அறிவுடைமையா?

மனைவி இருக்குமிடத்தில் மகனை நிறுத்திப் பாருங்கள். தந்தையோடு ஒத்தால் மிகை, மறுத்தால் கேடு, எனவே மகனுக்கும் வாக்கில்லை! ஏற்பரோ அவர்கள்? ஏற்கார். ஏற்காதவர், அதே அச்சில் வார்த்த முதல் வாதத்தையும் கைவிடுதலே நேர்மை.

1920இல் அமெரிக்க அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், பெண் என்பதற்காக வாக்கை மறுத்த தடையை அகற்றியது. மன்றத்தில் தோற்ற வாதம் மனையில் தோற்றதா? "மகளின் இசைவைக் கேட்டீரா?" என்றால், "இசைவாள் எனின் கேட்பானேன்? மறுப்பாள் எனின் கேட்கலாமோ?" என்கின்றனர் இன்றும்!

பெயரை மாற்றிப் பாருங்கள், உருவம் தெரியும். உருவம் தெரிந்தபின் அஞ்சுவானேன்? கேளுங்கள் மகளை. அவள் 'ஆம்' என்பது மிகையன்று; 'இல்லை' என்பது கேடன்று. இரண்டும் அவள் உரிமை!